எண்ணிக்கையில் விழாத சிவப்பு

அன்புள்ள தங்கை ராட்கா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி? மாத்திரையை நிறுத்தாதே.

இங்கே கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கியில், மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் திருத்தும் சொற்களைக் கணினியில் சிவப்பாக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மேலாளர் தெஸ்பினா சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எண்ணுவாள். இந்த வாரம் வழக்கத்தில் பாதிதான் வந்தது.

"என்ன பெரியவரே, பாதி நாள் தூக்கமா?"

"உங்க மெஷினுக்கு எண்ணத் தெரியல" என்று சொல்லி, திரையில் விரல் வைத்து நானே எண்ணிக் காட்டினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அவள் குனிந்து பார்த்தாள். "பாதி வேற சிவப்பு. பக்கத்து நிறக் கட்டத்தை அமுக்கியிருக்கீங்க. அதான் மெஷின் விட்டுடுச்சு. உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?"

"தெரியுது" என்றேன்.

கண் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் வேலையாம். நான் போகமாட்டேன். பதினோரு வருடம் யாரிடமும் கற்காமல் செய்த வேலைக்குச் சான்றிதழ் எதற்கு?

மார்ச் பிறக்கப் போகிறது. நம் ஊரில் மார்ச் முதல் நாள் மணிக்கட்டில் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை அனுப்பு. இல்லை, நீயே பேருந்து ஏறி எடுத்து வா. இங்கே கட்டிவிட ஆளில்லை. வந்தால் அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எது எந்தச் சிவப்பு என்று சொல்.

தபால் நிலையம் மூடப்போகிறது.

ஸ்டாமென்