போச்சா?

ஜனவரி 9, வெள்ளி

இன்றும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

இந்தக் கூடைப்பந்து டீமில் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதே ஒரே ஒரு வேலைக்கு. மைதானத்தின் மூலையில், மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பந்து வந்தால் தூரத்திலிருந்து கூடைக்குள் போட வேண்டும். எப்போதும் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பதால் டீமில் எனக்குப் பல்லி என்று பெயர். போன சீசனில் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்த ஒரு கூட்டமே இருந்தது. இந்த சீசனில் பந்து கூடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. கோச் "வரும், வரும்" என்கிறார், ஏதோ விருந்தாளி வரப்போகிற மாதிரி.

மேட்ச் முடிந்ததும் அப்பா போன் செய்தார். அப்பா டெய்லர். இந்த ஆட்டத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: "போச்சா?" பந்து உள்ளே போச்சா என்று அர்த்தம். ஆனால் எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் போச்சு, மெஷினில் ஊசி உடைந்தாலும் போச்சு. இன்று நானும் "போச்சுப்பா" என்றேன். பொய் இல்லையே. எந்தப் போச்சு என்று அவர் கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

பயிற்சியில் எல்லாம் விழுகிறது. அதுதான் எரிச்சல். காலி கேலரி, தரை துடைக்கிறவரின் வாளிச் சத்தம், எங்கள் ஷூக்களின் கீச்சுக் கீச்சு. அப்போதெல்லாம் கூடை வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஆள் வந்து உட்கார்ந்தால் மூடிக்கொள்கிறது. கை அதே கைதானே? முழங்கையையும் விரலையும் வீடியோ எடுத்துப் பார்த்தாயிற்று. ஃபிசியோ தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தோள் நல்லாத்தான் இருக்கு, மேல இருக்கறதுதான் சரியில்ல" என்று என் தலையைக் காட்டினார்.

சாயங்காலம் வழக்கம்போலக் கொக்கு அக்காவின் முழங்கால்களில் ஐஸ் பை கட்டிவிட்டேன். நாங்கள் இருவரும் ஒரே அறை. டீமிலேயே உயரம் அவள்தான், வயதிலும் அவள்தான் மூத்தவள். கூடைக்கு அடியில் நின்று, விழாமல் தெறித்து வருகிற பந்துகளைப் பிடித்துத் திரும்ப உள்ளே போடுவது அவள் வேலை. இந்த சீசனோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் போதும் என்கிறாள். மகள் பள்ளியில் சேரும்வரை.

"நீ போடுடி. போகாததை நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா?

பந்து நம் பக்கம் வந்தால் இருபத்து நாலு செகண்டுக்குள் எறிந்தாக வேண்டும். கூடைக்கு மேலே சிவப்பு எழுத்தில் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். இன்று இரண்டாம் பாதியில், கெடு சாகிற நேரத்தில், பந்து என் கைக்கு வந்தது. முன்னால் யாரும் இல்லை. போட வேண்டியதுதான். கேலரியிலிருந்து ஒருத்தர், "ஐயோ, அந்தப் பொண்ணு கிட்டயா குடுத்தீங்க!" என்றார். நான் இன்னும் எறியவே இல்லை, அதற்குள் ஒரு பெருமூச்சு கிளம்பிவிட்டது.

கொக்கு அக்கா ஏதோ காரணமாகக் கோட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். "அக்கா!" என்று கத்திப் பந்தை அவளிடம் தள்ளிவிட்டேன். அவள் ஜென்மத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டதில்லை. வேறு வழியில்லாமல் தூக்கி வீசினாள். பந்து பலகையின் ஓரத்தில் பட்டு வெளியே போனது. சனம் சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 19, திங்கள்

அந்த நிம்மதி இன்னும் அப்படியே இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

மறுபடி செய்தேன். ஒரு தடவை இல்லை. இதில் கை தேர்ந்துவிட்டேன். சிவப்பு எழுத்தைப் பார்க்காமலே கெடு சாகப்போவது உடம்புக்குத் தெரிகிறது. பந்து என் கையில் இருக்கும்போது நல்ல பந்து, அவள் கைக்குப் போகும்போது ஆறிப்போன சோறு. பார்க்கிறவர்களுக்கு நான் பெருந்தன்மையாகப் பகிர்ந்து ஆடுகிற மாதிரி இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் சுவரில் ஒட்டுகிற தாளில், யார் பெயரில் எத்தனை தவறியது என்று போட்டிருக்கும். யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று போடமாட்டார்கள். என் பெயருக்கு நேரே சுத்தம். அக்கா பெயருக்கு நேரே பார்க்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன்.

ஜனவரி 31, சனி

கோச் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

"பல்லியைப் பாருங்க. கண்ட ஷாட்டையும் எடுக்கறதில்ல. நிதானம் வந்துடுச்சு. சதவீதம் ஏறிடுச்சு."

எடுத்தால்தானே சதவீதம் இறங்கும்! பரீட்சைக்கே போகாதவளை ஃபெயில் ஆகவில்லை என்று மெச்சுகிற கதை. எல்லோரும் கை தட்டினார்கள். கொக்கு அக்காவும் தட்டினாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கட்டிவிட்ட ஐஸ் பையோடு, தட்டினாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

டேப் வாங்க ஃபிசியோ அறைக்குப் போனேன். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கோச்சும் மேனேஜரும்.

"கொக்குக்குக் கை போச்சு" என்றார் கோச். "முன்னல்லாம் இப்படித் தப்பா ஷாட் எடுக்க மாட்டா. பந்தைப் பிடிக்கறதும் பாதியா குறைஞ்சிருச்சு. வயசாகுதில்ல?"

"அப்போ அடுத்த சீசனுக்கு வேற ஆளைப் பாக்கலாமா?"

"பாருங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

டேப் வாங்காமலே வந்துவிட்டேன்.

கை போகல சார். அந்தக் கைக்கு ஒண்ணுமே ஆகல. நான்தான் சார் அந்தக் கையில கொண்டு போய்த் திணிச்சேன். உள்ள போய் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா? கால் இல்லையா? நாலு அடி தூரம். நின்னுட்டு வந்துட்டேன். என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று தள்ளிவிடமாட்டேன் என்று பல் துலக்கும்போதே முடிவு செய்துகொண்டு போனேன்.

தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

கோச்சிடம் போய்ச் சொல்லியே விட்டேன். "சார், அக்காவோட தப்பு இல்ல. போடப் பயந்து, கடைசி நேரத்துல நான்தான் அவங்க கிட்ட தள்ளிவிடறேன்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "நீ நல்ல பொண்ணும்மா. ஒரே ரூம்ல இருக்கீங்க, பாசம் இருக்கும். அதுக்காகப் பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்காத. தாள்ல இருக்கறதைத்தானே நான் பாக்க முடியும்?"

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போய் நல்ல பெயரோடு திரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, "சொல்லிட்டோம்ல, அவ்வளவுதான் நம்மால முடியும்" என்று தோன்றியது. அந்த நொடிக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

துணி துவைக்கிற அறையில் அக்கா மட்டும் இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றாள். ஜெர்சியை மடித்துக்கொண்டே.

"தெரியுமா?"

"பிடிக்கறவ நான்டி. சூடா வருதா, ஆறிப்போய் வருதான்னு என் கைக்குத் தெரியாது?"

"ஏன்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? வயசானவ, சாக்கு சொல்றான்னு பேர் வாங்கவா?" குரல் ஏறியது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "தள்ளிவிட்டதைக்கூட விடு. நீ போடவே மாட்டேங்கற. அதைத்தான் என்னால தாங்க முடியல. நீ போட்டாத்தானே வெளிய விழும்? வெளிய விழுந்தாத்தானே நான் பிடிப்பேன்? நல்லா போடறவளை நம்பி எவளும் கூடைக்கடியில நிக்கறதில்ல. தப்பவிடறவளை நம்பித்தான் நிக்கறோம். என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி."

"சாரிக்கா."

"உன் சாரியை வச்சு நான் என்ன பண்றது?"

சாயங்காலம் வழக்கம்போல ஐஸ் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். "வை. நானே கட்டிக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி 14, சனி

என் தவறு என்னோடு முடிகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். நான் தவறவிடுவதில் அவளுக்குச் சேர வேண்டிய ஒரு பங்கு இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போட்டேன். வந்ததையெல்லாம் போட்டேன்.

முதல் பந்து கூடையைத் தொடக்கூட இல்லை. கேலரியில் விசில். அடுத்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது, அக்கா பிடித்தாள். அதற்கடுத்ததும் தெறித்தது, பிடித்து உள்ளே போட்டாள். ஒன்றே ஒன்று தப்பித் தவறி உள்ளே போனது, எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கோச் ஓரத்தில் நின்று, "நிதானம்! எங்க போச்சு உன் நிதானம்?" என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாம் பகுதியில் என்னை வெளியே எடுத்துவிட்டார்.

அப்பா: "போச்சா?" "இல்லப்பா, போகல." "இன்னிக்குத்தான் உன் குரல் குரலா இருக்கு" என்றார். எனக்குப் புரியவில்லை.

அக்கா என்னிடம் பேசவில்லை. தானே குனிந்து தானே ஐஸ் கட்டிக்கொள்கிறாள். அவள் உயரத்துக்கு அது லேசான வேலையில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அதே கதை. சுவர்த் தாளில் என் பெயருக்கு நேரே பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இன்று நகராமல் நின்று பார்த்தேன். அக்கா பெயருக்கு நேரே, பிடித்த பந்துகளின் கட்டம் நிறைந்திருக்கிறது.

கோச் கூப்பிட்டு, "நல்லாத்தானே வந்துட்டு இருந்த? என்ன ஆச்சு உனக்கு?" என்றார். அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச்.

மார்ச் 1, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினேன். என் இடத்தில் ஆடினவள் நன்றாகவே போடுகிறாள், எல்லாம் விழுகிறது. டீமுக்கு நல்லது. அக்கா கூடைக்கு அடியில் சும்மா நின்றாள். ஜெயித்த ஆட்டத்தில் துக்கப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். இப்படி நினைப்பதும் ஒரு குற்றம்தானே? எதைத் தொட்டாலும் எனக்குக் குற்றமாகவே வருகிறது.

ஒப்பந்தம் பற்றி அக்காவிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேனேஜர் அவளைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

கடைசி ஆட்டம். இரண்டாம் பாதியில் என் இடத்தில் ஆடினவளுக்குக் கால் பிசகியது. கோச் பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வேறு ஆள் இல்லை. "போ" என்றார், பெருமூச்சோடு.

முடிகிற நேரம். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். பந்து சுற்றிச் சுற்றி மூலைக்கு வந்தது. என் மூலைக்கு. கெடு சாகப்போகிறது என்று உடம்பு சொன்னது. அக்கா பக்கத்தில்தான், கோட்டுக்கு வெளியே, தனியாக நின்றிருந்தாள். அதே இடம், அதே தூரம். என் கை அவள் பக்கம் திரும்பியதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பியது.

அவள் கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடையை நோக்கி ஓட ஆரம்பித்தாள். நான் இன்னும் எறியவே இல்லை.

எறிந்தேன்.

போகவில்லை. வளையத்தின் முன்பக்கம் பட்டு எழும்பியது. அவள் அங்கே இருந்தாள். இரண்டு பேருக்கு நடுவில், அந்த முழங்கால்களோடு எம்பி, பிடித்து, போட்டாள். ஜெயித்தோம். எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். நான் மூலையிலேயே நின்றேன். தாளில் என் பெயரில் ஒரு தவறு ஏறியிருக்கும். இந்த சீசனில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மார்ச் 20, வெள்ளி

மேனேஜர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். கொக்கு அக்காவுக்கு இன்னும் ஒரு வருஷம். எனக்கு, அடுத்த சீசனில் இரண்டாவது டீம். "அங்க போய்க் கையைச் சரி பண்ணிக்கிட்டு வா" என்றார் கோச். தலையாட்டினேன். வலித்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்பாவுக்கு நானே போன் செய்தேன். மேட்ச் இல்லாத நாளிலும் பழக்க தோஷத்தில், "போச்சா?" என்றார்.

"போச்சுப்பா."

"எந்தப் போச்சும்மா?"

இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட அவர் ஆறுதல் சொல்லவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், அதுவே போதுமாக இருந்தது.

அறைக்கு வந்தபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. பரவாயில்லை என்றோ, மன்னித்தேன் என்றோ சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ரெண்டாவது டீம்ல உன்னுதைப் பிடிக்க எவ இருக்கா?" என்றாள்.

"தெரியலக்கா."

"போன உடனே உயரமா ஒருத்தியைப் பாத்து வச்சுக்க. பாவம், அவளுக்கு வேலை நிறைய இருக்கும்."

அவள் ஐஸ் பையை எடுத்து என்னிடம் தூக்கிப் போட்டாள். பிறகு இரண்டு காலையும் என் பக்கம் நீட்டினாள்.

உட்கார்ந்து கட்டிவிட்டேன்.