பெயர் ஒட்டிய ரொட்டி

ஜூலை 7

மூன்றாம் வகுப்புக்கு இன்று கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாடம். ஆளுக்கு ஒரு வரியாக எழுந்து வாசித்தார்கள். 'பூஞ்சை' என்று வந்ததும் ஒரே சிரிப்பு. வாசித்ததைக் கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கண்ணால் பார்த்ததை நம்புங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு ரொட்டித் துண்டு கொடுத்து இரண்டு கையாலும் தொடச் சொன்னேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அவரவர் பெயரை ஒட்டி அலமாரியில் வைத்தாயிற்று.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "எதுக்கு பேரெல்லாம்? தொட்டது ஒண்ணு, தொடாதது ஒண்ணு, ரெண்டு வச்சா போதாதா?" போதாது. பெயர் இருந்தால்தான் பிள்ளைகள் தினமும் ஓடிவந்து பார்ப்பார்கள். காலமெல்லாம் கரும்பலகையோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

கடைசி பெஞ்சில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, குப்பை லாரி ஓட்டுகிறவர் மகள். அவள் கவருக்குத் தெளிக்கும்போது பாட்டில் மூடி கழன்று தண்ணீர் கொட்டிவிட்டது. வடித்துவிட்டு மூடினேன்.

ஜூலை 10

பச்சை பிடித்துவிட்டது. சுருட்டையின் துண்டில் மட்டும். வகுப்பே அலமாரி முன்னால் நின்றது. முதல் பெஞ்சு டாக்டர் மகள் சொன்னாள்: "அவ அப்பா குப்பை லாரி ஓட்டுறாரில்ல, அதான் டீச்சர்." கேலியாகக்கூட இல்லை, கேள்விக்கு விடை சொல்கிற குரல். அதட்டி உட்காரவைத்தேன்.

தண்ணீர் கொட்டியதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நாளை மறுநாள் பெற்றோர் வருகிறார்கள். காட்ட ஒன்றாவது நன்றாக வந்திருக்கிறதே.

ஜூலை 12

பெற்றோர் நாள். எல்லாத் துண்டுகளையும் கவரோடு காட்சிப் பலகையில் மாட்டினேன், கறுப்பும் பச்சையுமான அந்தத் துண்டை நடுவில். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். பெயர்ச்சீட்டைக் கிழித்திருக்கலாம். தோன்றாமல் இல்லை. மற்றதில் எல்லாம் பெயர் இருக்க இதில் மட்டும் இல்லாவிட்டால் பலகை அரைகுறையாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். தலைமையாசிரியையே "பரவாயில்லையே" என்றார்.

ஜூலை 15

அவள் பெயர் இப்போது 'பூஞ்சை'. வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நிற்கிறார்கள். அவள் நீட்டும் நோட்டை டாக்டர் மகள் ஸ்கேலால் தள்ளி வாங்குகிறாள்.

வீட்டில் சொன்னேன். "வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டே" என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். என் மடியிலா விட்டேன்? அந்தப் பிள்ளை மடியில் அல்லவா விட்டேன்.

ஜூலை 18

அவள் அப்பா வந்தார். வேலை உடுப்போடு வாசலுக்கு வெளியே நின்றார், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "நல்லா கழுவித்தான் அனுப்புறோம் டீச்சர். இப்ப பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு. தோலு உரிஞ்சிருச்சு. எந்த சோப்புன்னு நீங்க சொன்னா வாங்கிக் குடுத்துருவேன்."

நான் ஒரு சோப்பின் பெயரைச் சொன்னேன்.

என்ன மனுஷி நான். வாயில வேற ஒண்ணுமே வரலையா? சோப்புப் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கேன் —

ஜூலை 21

வகுப்பில் சொல்லிவிட்டேன். தண்ணீரைக் கொட்டியது நான். ஈரம் அதிகமானால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை.

டாக்டர் மகள் எழுந்தாள். "யார் சொன்னாலும் நம்பாதீங்க, கண்ணால பார்த்ததை நம்புங்கன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" ஆமாம் ஆமாம் என்றது வகுப்பு. என் பாடத்தை இவ்வளவு நன்றாகப் படித்த பிள்ளைகள் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. சுருட்டை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, செய்தே காட்டுகிறேன். நாளை மறுபடியும் ரொட்டி. எல்லாருக்கும் ஒரே அளவு தண்ணீர்.

ஜூலை 22

வைத்தாயிற்று. இந்தத் தடவை பெயர் வேண்டாம் என்றேன். "அப்ப யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று வகுப்பு முழுக்கச் சத்தம். ஒட்டிக் கொடுத்தேன். பட்டும் புத்தி வரவில்லை.

ஜூலை 23

சாப்பாட்டு நேரத்தில் சுருட்டை அலமாரிப் பக்கத்திலிருந்து வந்தாள், கையில் தண்ணீர் பாட்டில். "பச்சை வந்துருச்சான்னு பார்த்தேன் டீச்சர்." பாவம், பயம் அவளுக்கு.

ஜூலை 28

காலையில் அலமாரியைத் திறந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சுருட்டையின் துண்டு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பிறகுதான் டாக்டர் மகளுடையதைப் பார்த்தேன். முழுக்கப் பச்சை. கவரின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

அன்று நான் சொன்னதை வகுப்பில் ஒருத்தி நம்பியிருக்கிறாள்.

"நான் கழுவினேன், நான் கழுவினேன்" என்று டாக்டர் மகள் தேம்பினாள். 'பூஞ்சை' என்று முதலில் கத்தியது சுருட்டை. உரிந்த தோல் இன்னும் ஆறாத கையைத் தட்டித் தட்டிக் கத்தினாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இவளை உயிரோடு தின்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவளை. ரெண்டும் எட்டு வயசுப் பிள்ளைங்க. வாயை மூடிக்கொண்டு கவர்களை எல்லாம் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் 1

டாக்டர் மகள் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். அம்மாவின் கிளினிக்கிலிருந்து கையுறை எடுத்து வந்து மாட்டிக்கொள்கிறாள். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று மடங்கிக் கிடக்கிறது. முதல் பெஞ்சில் சுருட்டைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மணி அடித்ததும் சுருட்டை என் மேசைக்கு வந்தாள். அவளாக வந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"அடுத்த சோதனை எப்போ டீச்சர்?"

"திங்கட்கிழமை. காந்தம்" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது.

"அதுல பேர் ஒட்ட மாட்டீங்களா?"