கொழுப்பு என்று எழுதியது நான்

ஜனவரி 20, திங்கள்

காலையில் துடியலூர். இருபத்திரண்டு வீடுகள் உள்ள லேஅவுட். சங்கத் தலைவர் கண்ணையா, மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் மில் இன்னும் பின்னாலேயே வருகிறது என்று நினைப்பு போல. ஆறு வீடுகளில் கழிவறைத் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறதாம். தெருவடிக் குழாய்க்குள் கேமரா விட்டு அடைப்பு எங்கே என்று சொல்ல வேண்டும்.

வழக்கம்போல, நான் கேமராப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அடைப்புக்குக் காரணம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "கடைசி ஊட்டுல வாடகைக்கு ஒரு பாய் ஊட்டம்மா இருக்குதுங்க, ஹபீபுன்னிசான்னு. கேட்டரிங் பண்ணுது. நாங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க" என்றார் கண்ணையா. தப்பாக ஒன்றும் சொல்லாதவர்களால் நிரம்பியது இந்த ஊர். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

தெரு நடுக் குழியிலிருந்து கேமராவை விட்டோம். பதினெட்டாவது மீட்டரில் நின்றுவிட்டது. திரையில் வெள்ளையாக ஏதோ கட்டி. செங்கோட்டையன் (பதினோரு வருடமாக என்னிடம் கேபிள் பிடிப்பவர்) "அந்தப் பக்கக் குழியில இருந்தும் ஒருக்கா உட்டுப் பாத்தரலாமுங்க" என்றார். மதியம் மதுக்கரையில் ஒரு தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். வேண்டாம் என்றேன். 'பதினெட்டு மீட்டரில் கொழுப்புப் படிவு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

மதுக்கரை சூப்பர்வைசர் கேமராத் திரையைக் காட்டி, "இதுல படம் பாக்கலாமுங்களா?" என்று கேட்டான். சிரித்துவைத்தேன். பிழைப்பு.

பிப்ரவரி 3, திங்கள்

கண்ணையா போன் செய்து நன்றி சொன்னார். எதற்கு? என் அறிக்கையைப் படம் எடுத்து, 'கொழுப்பு' என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் அனுப்பிவிட்டார்கள். அவர் ஹபீபுன்னிசாவை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"அடைப்பை எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க போயிட்டா அது தானாச் சரியாயிருமுங்க. நீங்களும் நம்மாளாப் போனது ரொம்ப உபகாரமாப் போச்சு அம்மணி."

நம்மாளாம். அவர் வீட்டிலும் தெலுங்கு, என் வீட்டிலும் தெலுங்கு. அதற்காக என் கேமராவும் தெலுங்கு பேச வேண்டுமா? ஆறு வீட்டில் சாக்கடை ஏறி நிற்கிறது. அதை எடுக்க ஆள் விடவில்லை, ஒரு குடும்பத்தை எடுக்க இத்தனை சுறுசுறுப்பு.

யாருடைய கொழுப்பு என்று நான் எழுதவில்லையே. எழுதவில்லைதான். இருந்தாலும் —

பிப்ரவரி 5, புதன்

அந்த அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் என் அறிக்கையின் நகல்.

"மேடம், நான் செய்யறது இடியாப்பமுங்க. காலேஜ் ஹாஸ்டலுக்குக் குடுக்கறேன். ஆவியில அவிக்கறதுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காராமலே தொடர்ந்தார். மகள் மிஸ்பாவுக்கு மார்ச் மூன்றாம் தேதி பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. அது முடியும்வரையாவது இருந்துகொள்கிறோம் என்று கண்ணையாவிடம் கேட்கப் போயிருக்கிறார். "இஞ்சினியரம்மாவே கொழுப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்களேங்க, நாங்க என்ன பண்றதுன்னாரு. கூட நின்னவங்க சிரிச்சாங்க. எந்தக் கொழுப்ப நெனச்சுச் சிரிச்சாங்கன்னு எனக்குப் புரியாதுங்களா மேடம்?"

'பார்க்கிறேன்' என்றேன். எவ்வளவு கேவலமான சொல்! ஒன்றும் செய்யப்போவதில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

அன்றைய வீடியோவை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கட்டி குழாயின் அடியில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. கொழுப்பு மிதக்கும். தண்ணீர் மட்டத்தில் இரண்டு பக்கமும் ஒட்டும், அடியில் போய் உட்காராது. பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

அப்புறம் எப்படி எழுதினேன்? அவர் கேட்டரிங் என்றார், நான் கொழுப்பைப் பார்த்தேன். இதற்கு இத்தனை விலை கொடுத்து ஒரு கேமரா எதற்கு? கண்ணையாவின் வாயையே குழாய்க்குள் விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

மறுபடி துடியலூர். "எதுக்குங்க இன்னொருக்கா?" என்றார் கண்ணையா. இலவசம் என்றதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. செங்கோட்டையன் அழுத்தத் தண்ணீர் விட்டுப் படிவை உடைத்தார். குழியில் விரித்த வலையில் வந்து விழுந்தது அத்தனையும் வெள்ளை சிமென்ட். ஒரு கட்டியில் நீல டைல்ஸ் துண்டு ஒட்டியிருந்தது.

பிறகு செங்கோட்டையன் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளை (ஈரோட்டுக்காரர், அது இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்) வாளித் தண்ணீரில் கரைத்துக் கண்ணையா வீட்டுக் குழியில் ஊற்றினார். நான் ஹபீபுன்னிசா வீட்டு வாசல் குழியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நாலே நிமிடம். மஞ்சளாக வந்து சேர்ந்தது.

தெரு அந்த அம்மாவின் வீட்டிலிருந்து கண்ணையா வீட்டுப் பக்கம் சரிகிறது. குழாயும் அப்படித்தான் சரியும் என்று ஊரே நம்பியது, இருபது வருட அனுபவம் உள்ள நானும் நம்பினேன். ஆனால் லேஅவுட் போட்டவன், கழிவுத் தண்ணீர் வாஸ்துப்படி ஈசானிய மூலை (வடகிழக்கு) வழியாக வெளியேறும் என்று சொல்லி மனை விற்றிருக்கிறான். அதற்காகவே குழாயைத் தெருச் சரிவுக்கு எதிராக ஆழமாகப் பதித்திருக்கிறான். ஈசானியத்தில் கடைசி வீடு அந்த அம்மாவுடையது. அந்த வீட்டுத் தண்ணீர் அடைப்பு இருந்த இடத்துக்கு வர வழியே இல்லை. கண்ணையா வீட்டுத் தண்ணீர்தான் அந்த வாசலைத் தாண்டிப் போகிறது.

நீல டைல்ஸ்? போன தீபாவளிக்குக் கண்ணையா வாஸ்து பார்த்துக் குளியலறையை இடித்துக் கட்டியிருக்கிறார். கட்டியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேஸ்திரி கலவைச் சட்டியக் கழுவி அங்கயே ஊத்திப்போட்டானாட்ட இருக்குதுங்க. சரி, உடுங்க. ஆனது ஆயிப்போச்சு. ரிப்போர்ட்டுல 'பொதுக் கழிவு'ன்னு போட்டுருங்க அம்மணி."

அவர் குளியலறையை உடைத்துக் கொட்டினால் அது பொதுவாம்!

பிப்ரவரி 11, செவ்வாய்

திருத்திய அறிக்கை எழுதினேன். முதல் வரி: 'ஜனவரி 20 அறிக்கையில் கொழுப்பு என்று எழுதியது தவறு. தவறு என்னுடையது.' இந்த ஒரு வரிக்கு மூன்று மணி நேரம் ஆனது. கண்ணையாவுக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் அனுப்பினேன். சங்கத்துக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள், அதிலும் போட்டேன்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து யாரோ தைப்பூச வாழ்த்துப் படம் போட்டார்கள். அதற்குப் பதினெட்டுக் கும்பிடு.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் நானே நின்று அறிக்கையைப் படித்தேன். "அம்மணி நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்க. குறிச்சுக்கலாமுங்க" என்றார் கண்ணையா. குறித்துக்கொண்டார்கள்: 'அறிக்கை வாசிக்கப்பட்டது.' என்ன அறிக்கை, யாரைப் பற்றி, ஒன்றும் கிடையாது. அப்புறம் டீ, பஜ்ஜி. பஜ்ஜிச் சட்டியை எந்தக் குழியில் கழுவினார்கள் என்று நான் கேட்கவில்லை.

என்ன மனுசங்க இவங்க! தப்பாப் பேசிட்டோம்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிப்போயிருமா?

கத்துகிற நான் சொன்னேனா? அவர்கள் வீட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

போனேன். பாதிச் சாமான் சாக்கில் ஏறிவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் என் திருத்திய அறிக்கையைப் பார்த்துவிட்டு, இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்கு வேற எங்கியாச்சும் அடைச்சாலும் மொதல்ல எங்க கதவத்தான் தட்டுவாங்க மேடம். இப்பவே ஆராச்சும் பெல் அடிச்சா மிஸ்பா புஸ்தகத்த மூடிப்போட்டு எந்திரிச்சுக்கறா. படிக்கோணுமில்லீங்களா?"

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். "சரிங்க மேடம்" என்றார். 'சரிங்க' என்றால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம் இல்லை. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பிப்ரவரி 26, புதன்

ஹபீபுன்னிசா போன் செய்தார். கரும்புக்கடையில் (அங்கே பெரும்பாலும் முஸ்லிம் வீடுகள்) வீடு பார்த்துக் குடிபோய்விட்டார்கள். "நாளைக்கு அடுப்புப் பத்த வெக்கறேனுங்க. அதுக்கு முன்னாடி இந்த ஊட்டுக் குழாயில கேமரா உட்டுப் பாக்கோணும், வாரீங்களா?"

"அடைப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. நாங்க வாரப்ப உள்ள என்ன இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு ஆராச்சும் வந்து நின்னா காட்டறதுக்கு ஆகும்."

நானும் செங்கோட்டையனும் போனோம். பிரிக்காத பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து மிஸ்பா வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். கேமரா மோட்டார் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பதினைந்து மீட்டர் குழாய். கொஞ்சம் முடி, கொஞ்சம் சோப்புக் கசடு, வேறெதுவும் இல்லை. கண்டதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஹபீபுன்னிசா இரண்டு முறை படித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

"தேதி சின்னதா இருக்குதுங்க மேடம். நல்லாப் பெருசாப் போட்டுக் குடுங்க."

பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டும் ஆதார் அட்டைகளும் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.