ஏழாவது கன்னிக்கு எக்ஸ்ரே

ஐப்பசி 16, வெள்ளி. விடியலிலிருந்து மழை.

பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தாய் தாயே? கிணற்றடியில் ஏழு கன்னிமார் கல். இன்றைக்கு ஆறுதான். இரண்டு தடவை எண்ணினேன். போன வெள்ளி செமாபோக்கில் மகள் வீட்டில் இருந்துவிட்டேன், விளக்குப் போட ஆளில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவைக் கேட்டால், தீபாவளிக்கு வந்த உன் அண்ணன் மகன் துணியில் சுற்றி எடுத்துப் போனானே என்கிறாள். லிங்கம்! கோலாலம்பூரில் மண் ஆராய்ச்சி ஆபீஸ் வேலை அவனுக்கு.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. தேங்காய் இரண்டு. அவன் வரட்டும்.

17, சனி. மழை விட்டது.

மத்தியான பஸ்ஸில் வந்தான். உட்காரும் முன்பே கேட்டேன். ஒளிக்கவில்லை. சாம்பல் மாதிரிப் பொடி, ஒரு குப்பியில். அதுதான் கன்னியாம்.

மண்ணுக்குள் இந்த உருண்டைக் கல் கொஞ்சம் கொஞ்சமாக வளருமாம். இடித்து, சலித்து, எக்ஸ்ரேயில் வைத்தால் என்ன கல் என்று படத்தில் கோடு கோடாக விழுமாம். அந்தக் காலத்தில் மழையா வெயிலா என்று அதிலிருந்து சொல்லிவிடுவார்களாம். முதலில் மஞ்சளையும் எண்ணெயையும் கழுவி, திராவகம் வேறு விட்டார்களாம். நுரைத்ததாம். எனக்கு உடம்பு எரிகிறது.

"ஆஸ்பத்திரியில என் நெஞ்சுக்குந்தான் எக்ஸ்ரே எடுத்தாங்க. இடிச்சா எடுத்தாங்க?"

"பொடியாக்கினாத்தான் கோடு சரியா விழும் அத்தே."

சிரிப்பு வேறு. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து இரண்டு மாதம். இவன் ஆபீஸ் வெள்ளைக்கார துரைக்கு இன்னும் என் வீட்டுச் சாமி வேண்டியிருக்கிறது.

18, ஞாயிறு. புழுக்கம். முழங்கால் வலி.

என் மேசையிலேயே ரிப்போர்ட் எழுதுகிறான். மலாக்காவில் எங்கே தோண்டினாலும் செம்புறாங்கல். இது ஒன்று மட்டும் சுண்ணாம்புக் கல்லாம். மழை நாட்டு மண்ணில் சுண்ணாம்பு தங்காதாம், காய்ந்த பூமியில்தான் விளையுமாம். ஆகவே எங்கள் ஊர் காஜா பெராங் ஒரு காலத்தில் வெறும் பொட்டல் என்று துரை குதிக்கிறாராம். நாளை மத்தியானம் பெரிய கூட்டத்தில் வாசிக்கப் போகிறார். லிங்கத்துக்கு மேல் உத்தியோகம் நிச்சயமாம்.

"கெணறு தோண்டுறப்ப கெடச்ச கல்லுதானே அத்தே? அப்படித்தான் எழுதி கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இந்த மண்ணுல தானா வெளஞ்ச தாயிங்கடா அவங்க. ஏழு பேரும்."

திட்டிக்கொண்டேதான் சொன்னேன். இன்னொன்று கிடைக்குமா என்று கொல்லையில் மூன்று குழி போட்டான். எல்லாம் சிவப்பு. என் மரவள்ளி போச்சு.

19, திங்கள். நல்ல வெயில்.

முதல் பஸ்ஸில் போய்விட்டான். கோப்பி கொடுத்தேன், முகம் கொடுக்கவில்லை.

மணி இரண்டு. கூட்டம் தொடங்கியிருக்கும். துரை வாய் வலிக்கப் பேசட்டும். அவன் விட்டுப்போன குப்பியை ஏழாவது இடத்தில் வைத்துக் குங்குமம் இட்டேன். கண்ணாடியில் நிற்கவில்லை, வழுக்குகிறது. மற்ற கல்லையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவினேன். ஆறும் சிவப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னைப் பெற்ற அம்மாவுக்குக் கிணற்றில் கிடைத்தது ஆறு கல்தான். ஏழு சேரவில்லையே என்று, கப்பலில் வரும்போது முந்தானையில் முடிந்து வந்த ராமநாதபுரத்துக் கண்மாய்க் கல்லைக் கடைசியாக வைத்தாள்.