மாவுப் பைக்குள் ஒரு காலடி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? ஸ்டாக்ஹோமில் நான் சுகம்தான்.

மேடையை விட்டு ரேடியோவுக்குப் போனவள், இப்போது டிவிக்கு நாடகம் எழுதி இயக்குகிறேன். நேற்று ஒரு வேடிக்கை. நடிகர் காகிதப் பனியில் நடந்தார், சத்தமே இல்லை. ரேடியோவில் செய்வதுபோல உருளைக்கிழங்கு மாவுப் பையைப் பிசைந்து பனியில் கால் பதியும் சத்தம் கொடுத்தேன். பழக்கத்தில் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"டைரக்டரம்மா, கண்ணைத் திறங்க. இது ரேடியோ இல்ல, படம் ஓடுது" என்றார் கேமராக்காரர் சிக்வார்ட். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தச் சத்தத்தில், இறந்துபோன அப்பா மர ஆலையிலிருந்து பனியில் நடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்று யாரிடம் சொல்வது?

நீ சுட்ட மெல்லிய ரொட்டி கொஞ்சம் அனுப்பு. இங்கேயும் கிடைக்கிறது, ஆனாலும் அனுப்பு.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். ஞாயிறன்று பக்கத்து வீட்டு டிவியில் நாடகத்தைப் பார். பனியில் நடக்கும்போது மட்டும் நீயும் கண்ணை மூடிக்கொள்.

உன்
குன்வோர்