மூன்றாம் கணினி கடைசியாகச் சொன்னது

ஐப்பசி, வியாழன் இரவு

பரமத்தி வேலூரை மூன்றாம் கணினியிலிருந்து ஐந்தாம் கணினிக்கு மாற்றும் வரலாற்று முடிவை இன்று மாலை எடுத்தேன். மூன்றாம் கணினி சன்னலோரத்தில் சாரலில் நனைகிறது. வெள்ளம் எதுவரை வரும் என்று பார்க்கும் எங்கள் கல்லூரிக் கணக்கில், காவிரி ஊர் ஊராகத் துண்டு போட்டுப் பல கணினிகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டின் நீர்மட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

காலையில் ஆய்வக உதவியாளர் கவிதா, "ஏனுங்க சார், வேலூர்ல எங்க ஊட்டுக்குத் தண்ணி வருமுங்களா? அம்மா தனியா இருக்குது" என்றாள். திரையைப் பார்த்து, "வராதும்மா" என்றேன்.

மாலையில் தொட்டபோது மூன்றாம் கணினி சில்லென்றிருந்தது. திங்களன்றே நின்றுபோயிருக்கிறது. அது கடைசியாகச் சொன்ன நீர்மட்டத்தையே மற்றவை இன்றும் நம்பியிருந்தன. செத்தவர் சொல்லுக்கு நம் ஊரில் மரியாதை அதிகம். ஐந்தாம் கணினிக்கு மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டினேன், திரையில் தண்ணீர் அவள் வீட்டைத் தாண்டியது. அவளிடம் சொன்னேன்.

"அம்மா போன் எடுக்கலைங்க, நானே போய்க் கூட்டியாரேன்" என்று பஸ் ஏறினாள். ஒன்பது மணிக்கு, "ஊட்டுக்கு வந்துட்டேனுங்க சார்" என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.