மூலை வெட்டாத பொட்டலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அதே நினைப்பாய் இருக்கிறது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை.

மில் தாத்தா போய்விட்டதைப் போனில் சொன்னேன், எப்படிப் போனார் என்று சொல்லவில்லை. படுக்கையருகே இருந்த மாத்திரைப் பொட்டலத்தில் இதய மாத்திரை ஒன்றுக்கு ஆறாய்ப் போட்டிருந்ததாம். இரண்டு வருஷமாய் அவருக்கு மலஜலம் எடுத்த அந்த வேலைக்காரம்மாதான் மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று அவருடைய ஒரே மகன், உன் சித்தப்பா, புகார் எழுதிக் கொடுத்து அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டான். தகப்பனைத் தூக்கிப்போன மறுநாளே டேப்பை நீட்டி அந்த அறையை அளந்துகொண்டிருந்தான், மெத்தை இன்னும் ஈரமாய்ச் சுவரில் சாய்ந்திருந்தது. மில்லை விற்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாய் இருந்தது ஊருக்கே தெரியும்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பொட்டலத்தோடு எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டருக்கு வந்தார், இது நீங்கள் கட்டியதா என்றார். அழகான கையெழுத்தில் ‘இரவு’ என்று எழுதியிருந்தது. அவளைப் போல எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லையே, காலைக்கு ஒரு மூலை, இரவுக்கு இரண்டு மூலை வெட்டிக் கொடுப்பேன். இதில் ஒரு மூலையும் வெட்டியிருக்கவில்லை. வெட்டில்லாததை நான் தொடவே மாட்டேன், சின்னவர்தான் தன் கையால் ஐயாவுக்குக் கொடுத்தார் என்று அவள் அழுதிருக்கிறாள், யாருக்கும் அது புரியவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது தகப்பனுக்கு மாத்திரை கொடுத்திருந்தால் அவனுக்கு இது தெரிந்திருக்கும்.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆனால் பக்கத்தில் அவன் நின்றான், நான் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, “போனவர் போயிட்டார் அண்ணி. உங்க பொட்டலம்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவளுக்குன்னு யாரு இருக்கா கேக்க?” என்றான். பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டே சொன்னான். அவன் குடித்த டம்ளரை மூன்று தடவை தேய்த்தேன். உன் அப்பா குடும்பத்துப் பேர் என்று மட்டும் முனகினார்.

மறுநாள் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் உன் சித்தப்பாவை ‘இரவு’ என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார், பொட்டலத்து எழுத்தோடு அச்சாய் ஒத்துப்போனது, அதோடு அவன் கதை முடிந்தது. அவளை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து, “நீங்க வருவீங்கன்னு தெரியும்க்கா, நேத்தே வருவீங்கன்னு பார்த்தேன்” என்றாள். குறையாய்ச் சொல்லவில்லை, சாதாரணமாய்த்தான் சொன்னாள்.

உன் அப்பா என்னோடு பேசி நாலு நாளாகிறது, பேசுகிறபோது பேசட்டும். நீ தங்கியிருக்கும் அறை உன் சித்தப்பா சொல்லிப் பிடித்துக் கொடுத்தது, இந்த மாதத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள். சொந்தக்காரர்கள் யாராவது போன் செய்து உன் அம்மா செய்த காரியத்தைப் பார் என்பார்கள். ஒரு நாள் தாமதமாய்ச் செய்தாள் என்று சொல்.

நீ நூறு வருஷம் நல்லபடியாய் வாழ வேண்டும்.

உன் அம்மா